காய்ந்து கிடந்த ஏலக்கூடம்

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை மீன் ஏலக்கூடத்தின் சிமெண்டுத் தரை என்ன நிறம் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். வெளிர் சாம்பல்.

மற்ற நாளில் ஐஸ் தண்ணீரும் செதிலும் மிதிபட்டுக் கறுப்பாகவே இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் கூட்டினார்கள். மீன் இனம் பெருக வேண்டும், சரிதான்.

ஒரே ஒரு அக்கா மட்டும் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பைபர் படகில் வந்த கொஞ்சம் மத்தி.

"வஞ்சிரம் இல்லையாக்கா?"

"ஜூன் பதினஞ்சுக்கு மேல வா தம்பி. இப்ப இதுதான்."

மீன்மேல் தண்ணீர் தெளித்தார். அப்புறம் பழக்கத்தில் மிச்சத்தைத் தரையிலும் வீசினார். வழுக்க அங்கே எதுவுமே இல்லை. ஈரம் இரண்டு நிமிடத்தில் காய்ந்துபோனது.

கடுவையாற்றில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓயும்போதுதான் இந்த ஊரில் காக்கை கத்துவதே கேட்கிறது. விடிவதற்கு முன்பே திறக்கும் டீக்கடையில் ஏழு மணிக்குத்தான் பாய்லர் ஏறுகிறது. கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரர் வாசலில் நின்று வெயிலைப் பார்க்கிறார். கடலுக்கே போகாத மனிதர், அவருக்கும் விடுமுறைதான். சம்பளமில்லாத விடுமுறை.

கிழிந்த வலையைப் பின்னுகிறவர்களுக்கு மட்டும் தலை நிமிர நேரமில்லை.

அரைக்கிலோ மத்தி வாங்கினேன். அக்கா கைப்பிடி கூடவே போட்டார்.