கீழே இறங்கிய லெஃப்ட் விங்கர்: ஃபியோரென்டினா 1955–56

இத்தாலி லீகில் ஃப்ளோரன்ஸ் நகரின் ஃபியோரென்டினா க்ளப், 1955–56 சீசன்: 34 மேட்ச். 20 வெற்றி, 13 டிரா, ஒரே ஒரு தோல்வி. போட்டது 59 கோல், வாங்கியது 20. மொத்தம் 53 பாயின்ட். இரண்டாவதாக வந்த மிலனுக்கு 41. ஜெயித்தால் மூன்று பாயின்ட் கிடைக்கும் காலமல்ல அது, இரண்டுதான். அந்தக் கணக்கில் 12 பாயின்ட் முன்னிலை என்றால் முழுசாக ஆறு வெற்றி வித்தியாசம்.

ஃபியோரென்டினாவின் வயலட் ஜெர்சி என்றதும் சென்னையில் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்ட்ரைக்கர் பாட்டிஸ்டூட்டா ஞாபகம்தான் வரும். அவரோ அந்த ஜெர்சியில் ஒரு லீக் பட்டம்கூட வாங்கவில்லை. 1926-ல் தொடங்கிய இந்த க்ளப்புக்கு இதுவரை கிடைத்த லீக் பட்டங்கள் இரண்டே இரண்டு: 1955–56, 1968–69. முதலாவதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ரைட் விங்கர் (வலது ஓரத்தில் முன்னால் ஆடுகிறவர்) ஜூலின்யோவில் ஆரம்பித்து ஜூலின்யோவிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கிய கோல் வெறும் 20 என்பதற்குக் காரணம் எதிர்ப்பக்க விங்கர், மௌரீலியோ பிரீனி என்பது என் கட்சி.

முதலில் அன்றைய நிலவரம். போர் முடிந்து லீக் மறுபடி தொடங்கியதிலிருந்து 1955 வரை பட்டம் இரண்டு ஊர்களைத் தாண்டி வெளியே போகவில்லை. டொரினோ நான்கு முறை, யுவென்டஸ் இரண்டு, மிலன் இரண்டு, இன்டர் இரண்டு. எல்லாம் டூரின், மிலான் நகர க்ளப்புகள். பணமும் தொழிற்சாலைகளும் அங்கேதான் இருந்தன. ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்தில் பிராட்டோ என்று நம் திருப்பூர் மாதிரி ஒரு துணி ஊர் உண்டு. கம்பளித் துணிக்குப் பேர்போனது. அந்த ஊர்த் தொழிலதிபர் எந்ரிகோ பெஃபானிதான் க்ளப் தலைவர். 1953-ல் கோச்சாக வந்தவர் ஃபுல்வியோ பெர்னார்டினி. ரோம்காரர், ஆடிய காலத்தில் நுணுக்கமான மிட்ஃபீல்டர். இன்று ரோமா க்ளப் பயிற்சி எடுக்கும் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1955 கோடையில் தென் அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சாவ் பாவ்லோவின் போர்த்துகேசா க்ளப்பில் ஆடிய ஜூலின்யோ, 1954 உலகக் கோப்பையில் பிரேசிலின் ரைட் விங்கர். இன்னொருவர் மிகேல் மொன்டுவோரி: அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்தவர், சிலியின் யுனிவர்சிடாட் கத்தோலிகாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார். இத்தாலிய வம்சாவளி என்பதால் பிறகு இத்தாலி தேசிய அணிக்கும் ஆடினார்.

அந்த சீசனின் பதினோரு பேரை அந்தக்கால வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ட்டி, மாஞ்ஞீனி, செர்வாட்டோ, கியாப்பெல்லா, ரொசெட்டா, செகாட்டோ, ஜூலின்யோ, கிராட்டன், விர்ஜிலி, மொன்டுவோரி, பிரீனி. சொல்லும்போது 2-3-5 (பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஐந்து பேர்) மாதிரி கேட்கும். அது பழக்கதோஷம், ஜெர்சி எண்கள் பழைய முறையிலேயே நின்றுவிட்டன. மைதானத்தில் ஆடியது டபிள்யூ-எம், அதாவது 3-2-2-3. ரொசெட்டா நடு டிஃபென்டர், மாஞ்ஞீனி வலது, செர்வாட்டோ இடது. அவர்களுக்கு முன்னால் கியாப்பெல்லாவும் செகாட்டோவும் ஹாஃப் பேக், அதாவது பின்பக்க மிட்ஃபீல்டர்கள். அவர்களுக்கு மேலே கிராட்டனும் மொன்டுவோரியும் இன்சைடு ஃபார்வர்டு. ஆக நடுவில் நான்கு பேர் ஒரு சதுரம். முன்வரிசையில் ஜூலின்யோ வலது விங்கர், விர்ஜிலி சென்டர் ஃபார்வர்டு, பிரீனி லெஃப்ட் விங்கர்.

டபிள்யூ-எம்மில் எல்லாருக்கும் ஜோடி உண்டு. எதிரணியும் அதே முறையில் ஆடினால் என் விங்கரை உன் பேக் பிடிப்பான், என் இன்சைடு ஃபார்வர்டை உன் ஹாஃப் பேக் பிடிப்பான், என் சென்டர் ஃபார்வர்டை உன் நடு டிஃபென்டர் பிடிப்பான். பத்துக்குப் பத்து. யாராவது ஒருவர் ஜோடியை விட்டு நகர்ந்தால்தான் கணக்கு உடையும். பெர்னார்டினி நகர்த்தியது லெஃப்ட் விங்கரை.

பிரீனி போட்டது 11-ஆம் நம்பர், நின்ற இடம் மிட்ஃபீல்டு. இப்போது எதிரணி ரைட் பேக் நிலையில் நின்று பாருங்கள். பிரீனி இருபது முப்பது மீட்டர் கீழே இறங்கிவிட்டார். கூடவே போனால் முதுகுக்குப் பின்னால் ஃபியோரென்டினாவின் இடது ஓரம் மொத்தமும் காலி. மொன்டுவோரி அங்கே ஓடி வருவார். போகாமல் நின்றால் நீங்கள் பிடிக்க ஆளே இல்லை, நடுவில் பிரீனி தனியாக பந்து வாங்கி ஆடுகிறார்.

எதிரணியின் வலது ஹாஃப் பேக்குக்கு இதைவிடத் தலைவலி. அவர் பிடிக்க வேண்டிய மொன்டுவோரி, பெயருக்கு இன்சைடு ஃபார்வர்டாக இருந்தாலும் ஏறி விர்ஜிலிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். பின்னால் போனால் நடுவில் கியாப்பெல்லா, செகாட்டோ, கிராட்டன், பிரீனி என நான்கு பேருக்கு எதிராக மூன்று பேர். போகாவிட்டால் நடு டிஃபென்டர் ஒருத்தர் விர்ஜிலி, மொன்டுவோரி இருவரையும் சமாளிக்க வேண்டும். விர்ஜிலி அந்த சீசனில் 21 கோல் போட்டார், வயது இருபது. இத்தாலியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த காமிக்ஸ் கௌபாய் பெகோஸ் பில் பெயரையே அவருக்குச் செல்லப்பெயராக வைத்தார்கள் என்றால் எப்படி ஆடியிருப்பார் என்று யூகித்துக்கொள்ளலாம்.

விங்கரைக் கீழே இறக்கும் யோசனை பெர்னார்டினியே கண்டுபிடித்ததல்ல. 1952–53-ல் இன்டர் கோச் அல்ஃப்ரெடோ ஃபோனி, ரைட் விங்கர் ஜீனோ அர்மானோவைக் கீழே இறக்கினார். அதனால் விடுபட்ட டிஃபென்டர் இவானோ பிளாசோனைத் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் ஆள் பிடிக்காத காவலாக நிறுத்தினார். பலன்: 46 கோல் போட்டு, 24 வாங்கி, சாம்பியன். ஜெயித்தார்கள், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை என்று திட்டும் வாங்கினார்கள். பெர்னார்டினி அதே கூடுதல் ஆளை மிட்ஃபீல்டில் செலவழித்தார். பந்து நடுவில் தங்கினால் பின்னால் ஆபத்து குறையும் என்பது கணக்கு. இன்டரைவிட 13 கோல் கூடுதலாகப் போட்டு, 4 கோல் குறைவாக வாங்கினார்கள். ஃபோனி 34 மேட்சில் செய்ததை இவரும் 34 மேட்சில்தான் செய்தார், ஆகவே ஒப்பீடு நியாயமானது.

இனி ஜூலின்யோ. இடது பக்கம் சாய்ந்து ஆடும் அணிக்கு வலது ஓரத்தில் ஒரு ஆள் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும், கூட்டம் அந்தப் பக்கம் போனாலும் ஆசைப்பட்டு உள்ளே வரக்கூடாது. நான்கைந்து பாஸ் இடது பக்கம் சுற்றினால் எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் நகரும். அப்போது குறுக்கே ஒரு நீளமான பாஸ். ஜூலின்யோவுக்கு எதிரே லெஃப்ட் பேக் மட்டும், உதவிக்கு வர பக்கத்தில் ஆளில்லை. ஒருவருக்கு ஒருவர் என்று விட்டால் அவரை நிறுத்த அன்றைய இத்தாலியில் ஆள் குறைவு. வெளியே போய் கிராஸ் போடுவார், உள்ளே வெட்டி அடிக்கவும் செய்வார். இதே மனிதர் 1958 உலகக் கோப்பை நேரத்தில், பிரேசிலில் ஆடிக்கொண்டிருப்பவர்களின் இடத்தை நான் பறிக்கக்கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த இடத்தில் ஆடிப் பெயர் வாங்கியவர் கரிஞ்சா. அடுத்த ஆண்டு மரக்கானாவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கரிஞ்சாவுக்குப் பதில் இவரை இறக்கியபோது கூட்டம் கூச்சல் போட்டது. கோல் அடித்துக் கைதட்டல் வாங்கினார்.

பின்வரிசையில் செர்வாட்டோவின் இடது கால் தனியாகச் சொல்ல வேண்டியது. ஃப்ரீ கிக், பெனால்டி இரண்டும் அவர் வேலை, அதுவும் நனைந்தால் கனக்கும் அந்தக்காலத் தோல் பந்தில். கோல்கீப்பர் சார்ட்டி பாய்ந்து விழுந்து படத்துக்கு போஸ் கொடுக்கிறவர் இல்லை. முன்கூட்டியே சரியான இடத்தில் நின்று பந்தை மார்பில் வாங்குகிறவர். பின்னாளில் கோச் ஹெலெனியோ ஹெரேராவின் இன்டரில் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஜெயித்த அதே சார்ட்டிதான்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது: அப்போது மாற்று ஆட்டக்காரர் கிடையாது. பத்தாவது நிமிடத்தில் ஒருவருக்குக் கால் பிசகினால் மிச்ச எண்பது நிமிடம் பத்துப் பேர், அல்லது நொண்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கும் பதினோராவது ஆள். நடுவில் ஒருவர் கூடுதலாக இருக்கும் அணி இதைத் தாங்கும். பத்துக்குப் பத்து ஜோடி போட்டு ஆடும் அணிக்கு அங்கேயே முடிந்தது.

அந்த 13 டிராவைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு டிரா அன்று பாதி வெற்றி. இன்று மூன்றில் ஒரு பங்கு. வெளியூரில் 0–0 என்பது கெட்டிக்காரத்தனம். ஒரு சின்னக் கணக்கு: அந்த 13 டிராவும் தோல்வியாக மாறியிருந்தால் 53-ல் 13 போய் 40. மிலனுக்கு 41. எதிரணிகளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் பாயின்ட்டைச் சேர்க்காமலே பட்டம் கையை விட்டுப் போகிறது. தோற்றிருக்கக்கூடிய மேட்சுகளைத் தோற்காமல் வந்ததில்தான் இந்த சீசன் இருக்கிறது.

தற்காப்புக்காகவே ஆடிய அணி என்றும் சொல்லிவிட முடியாது. டூரினுக்குப் போய் யுவென்டஸை 4–0 என்று அடித்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் டிரியெஸ்டேயில் 1–1 டிராவோடு பட்டம் உறுதியானது. அதுவும் டிராதான், பொருத்தமாகவே. கடைசி நாள் ஜெனோவாவில் ஜெனோவா அணியிடம் 3–1. முப்பத்து மூன்று மேட்ச் தோற்காமல் வந்து முப்பத்து நான்காவதில் தோல்வி. அன்று டிரா செய்திருந்தால்கூட ஒரு சீசன் முழுக்கத் தோற்காத சாம்பியன் என்ற பெயர் கிடைத்திருக்கும். அந்தப் பெயருக்கு இத்தாலி 1991–92 மிலன் வரை காத்திருந்தது. நடுவே 1978–79-ல் பெருஜா 30 மேட்சும் தோற்காமல் இருந்தும் இரண்டாவதாகத்தான் வந்தது. டிரா மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

அடுத்த வருஷம் ஐரோப்பியக் கோப்பை. நார்ஷாப்பிங், கிராஸ்ஹாப்பர்ஸ், ரெட் ஸ்டார் பெல்கிரேட் தாண்டி இறுதிப் போட்டி, 1957 மே 30, மாட்ரிட். எதிரே ரியல் மாட்ரிட், அவர்கள் சொந்த மைதானத்திலேயே. 2–0 தோல்வி, முதல் கோல் டி ஸ்டெஃபானோவின் பெனால்டி, இரண்டாவது ஹென்டோ. மாஞ்ஞீனி ஃபவுல் செய்தது பெனால்டி பெட்டிக்கு வெளியே என்று ஃப்ளோரன்ஸ்காரர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள்.

லீகில் அதற்குப் பிறகு 1957, 58, 59, 60 என வரிசையாக நான்கு முறை இரண்டாம் இடம். 1958–59-ல் 95 கோல் போட்டார்கள். தொண்ணூற்றைந்து! பட்டம் மிலனுக்குப் போனது. பெர்னார்டினி அப்போது அங்கே இல்லை. 1964-ல் அவர் பொலோன்யாவைச் சாம்பியன் ஆக்கினார்.

இத்தாலிக்காரர் மட்டெராசி கோச்சாக இருந்து 2015-ல் சென்னையின் எஃப்.சி. கோப்பை வாங்கியதிலிருந்து இத்தாலி ஆட்டத்தைப் பற்றிப் பேச நம்மூரில் ஆள் இருக்கிறது. வியாசர்பாடி பையன்களோடு வேலை செய்கிற கோச்சுகள், வார இறுதி டர்ஃப் அணிகள், யாராக இருந்தாலும் இதைச் செய்து பார்க்கலாம். ஏழு பேர் ஆடும் டர்ஃபுக்கு 2-3-1 (கோல்கீப்பர் போக பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஒருவர்) எடுத்துக்கொள்ளுங்கள். மூவரில் இடது ஆள் பந்து போனதும் இறங்க வேண்டும், ஓரத்துக்கு அல்ல, உள்பக்கமாக, நடு ஆளிலிருந்து ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு. வலது ஆள் மேலேயே, பக்கவாட்டு வலையை ஒட்டி நிற்கட்டும். பந்து கிடைத்ததும் இடது பக்கம் மூன்று பாஸாவது போன பிறகே வலது பக்கம் திருப்ப வேண்டும். முதல் பாஸிலேயே திருப்பினால் எதிரணி நகர்ந்தே இருக்காது.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். இடது ஆள் இறங்குகிறான், ஆனால் கோட்டோரமாகவே இறங்குகிறான். பின்னால் இருக்கும் டிஃபென்டர் ஏற வழியில்லை, நடுவிலும் ஆள் கூடவில்லை. அடுத்தது, வலது ஆளுக்குப் பந்து வராத இரண்டு நிமிடத்தில் பொறுமை போய் உள்ளே வந்துவிடுகிறான். திருப்பிவிட ஆளே இருக்காது. மூன்றாவது, முன்னால் நிற்கும் ஒற்றை ஸ்ட்ரைக்கரும் பந்து வாங்கக் கீழே வருகிறான். மொன்டுவோரி ஏறிய இடத்துக்கு யாரும் ஏறவில்லை, ஏழு பேரும் பாதி மைதானத்தில். முதலிரண்டும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். மூன்றாவதுக்குக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். இடது ஆளை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்: அணியிலேயே வேகமானவன் வேண்டாம், அதிகம் ஓடுகிறவன், பந்தைச் சீக்கிரம் கொடுத்துவிடுகிறவன் வேண்டும்.