30 விநாடி விளம்பரமும் அதன் பின்னாலிருக்கும் காகிதங்களும்

ஒரு 30 விநாடி விளம்பரப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நடிகை, பின்னணியில் பழைய பாட்டின் மெட்டு, சமையலறைச் சுவரில் ஓர் ஓவியம், ஐந்து வயதுக் குழந்தை, கடைசியில் 'இந்தியாவின் நம்பர் 1' என்ற வாசகம். இதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காகிதம் வேண்டும். படம் ஒளிபரப்பாவதற்கு முன்பே அவை எல்லாம் கையெழுத்தாகி ஃபைலில் இருக்கின்றனவா என்று பார்ப்பவர்தான் விளம்பர ஏஜென்சியின் லீகல் எக்சிகியூட்டிவ். வழக்காடுவது இந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான். வழக்கே வராதபடி பார்த்துக்கொள்வதுதான் அன்றாடப் பிழைப்பு.

டபிள்யூபிபி, ஆம்னிகாம், பப்ளிசிஸ், டென்சு, ஹவாஸ் போன்ற பன்னாட்டுக் குழுமங்களின் இந்திய ஏஜென்சிகளில் சட்டப் பிரிவு பெரும்பாலும் மும்பையிலோ குருகிராமிலோ இருக்கும். குழு சின்னது, ஒப்பந்தங்கள் ஏராளம். இங்கிலாந்தில் 'சார்ட்டர்ட் லீகல் எக்சிகியூட்டிவ்' என்பது தனியான ஒரு தகுதி. இந்தியாவில் அது நுழைவுநிலைப் பதவியின் பெயர் மட்டுமே. இங்கே வேண்டியது சட்டப் பட்டம்: பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு. அறிவுசார் சொத்துரிமையில் ஒரு டிப்ளமோ இருந்தால் நல்லது. ஆனால் ஒரு ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகப் படிக்கும் பழக்கம் அதைவிட உதவும்.

சேருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பார் கவுன்சில் விதி 49-இன்படி, முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பதிவு செய்திருந்தால் அதை நிறுத்திவைக்க எழுதிக் கொடுக்க வேண்டும். இதன் விளைவை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிறுவனத்துக்குள் வேலை செய்யும் சட்ட ஆலோசகருக்கு, வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியக் காப்பு முழுமையாகக் கிடையாது. ஆகவே 'இந்த விளம்பரம் பொய்தான், ஆனாலும் போடலாம்' என்ற பொருளில் நீங்கள் எழுதும் மின்னஞ்சல் நாளைக்கு நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம். தயக்கம் இருந்தால் என்ன ஆதாரம் குறைகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். சிக்கல் பெரிதென்றால் வெளி வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் ஆண்டில் நேரத்தை அதிகம் விழுங்குவது உரிமைச் சங்கிலி. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர், புகைப்படக்காரர், இசையமைப்பாளர் ஆகியோரிடமிருந்து தயாரிப்பு நிறுவனத்துக்கு, அங்கிருந்து ஏஜென்சிக்கு, அங்கிருந்து கிளையன்டுக்கு உரிமை கைமாற வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் கிளையன்டுக்கு நாம் கொடுத்த உறுதிமொழி பொய்யாகிவிடும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன படம் ஆகியவற்றுக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சேரும். ஆனால் ஃப்ரீலான்ஸர் எழுதிய வாசகத்துக்கும் அவர் போட்ட மெட்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. பில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் மட்டும் உரிமை நம் கைக்கு வராது. உரிமையை நமக்கு மாற்றித் தருவதாகக் கையெழுத்துப் போட்ட எழுத்து ஒப்படைப்பு (அசைன்மென்ட்) வேண்டும்.

அந்த ஒப்படைப்பை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பிழை நுழைகிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 19-ஆம் பிரிவு அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். பன்னாட்டு ஏஜென்சியில் இந்த மூன்றும் உடனே கடிக்கும். சிங்கப்பூர் அலுவலகம் 'உங்கள் படத்தை நாங்கள் பயன்படுத்துகிறோம்' என்று கேட்கும்போது, நம் காகிதத்தில் டெரிடரி என்ற சொல்லே இருக்காது. ஆகவே வார்ப்புருவில் மூன்று வரிகள் கட்டாயம்: முழுப் பதிப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், ஓராண்டு விதி பொருந்தாது.

இசை இதைவிடக் கடினம். ஏற்கெனவே வெளியான பாட்டு என்றால் இரண்டு அனுமதிகள் வேண்டும்: பாடல்வரி, இசை ஆகியவற்றின் உரிமையாளரிடம் ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் இன்னொன்று. 'நாங்களே மறுபடி பாடிப் பதிவு செய்கிறோம்' என்றால் இரண்டாவது தேவையில்லை, முதலாவது தேவை. புதிதாகப் போட்ட ஜிங்கிளிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் ஒரு முடிச்சு வைத்திருக்கிறது. படத்தில் சேர்ந்த பாடல்வரிக்கும் இசைக்கும், திரையரங்கில் அல்லாத பயன்பாட்டுக்கான ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைப் படைத்தவர் விட்டுக்கொடுக்க முடியாது. விளம்பரமும் சட்டத்தின் கண்ணில் படம்தான். 'எல்லாம் சேர்த்து பை-அவுட்', அதாவது ஒரே தொகையில் எல்லா உரிமையும் வாங்கியாயிற்று என்று கிளையன்டுக்கு வாய்விட்டுச் சொல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

நடிகர், மாடல் ஒப்பந்தங்களில் காலம், இடம், ஊடகம், பொருள் வகை என்ற நான்கு கட்டங்களையும் நிரப்பாமல் கையெழுத்துக்கு அனுப்பக் கூடாது. 'டிஜிட்டல்' என்று மட்டும் எழுதியிருந்தால், இ-காமர்ஸ் தளத்தின் பேனர் அதில் அடங்குமா என்று பிறகு சண்டை வரும். ஒழுங்காக எழுதினால் என்ன பலன் என்பதற்கு 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் டைட்டன் நிறுவனம் ராம்குமார் ஜுவல்லர்ஸ் மீது தொடுத்த வழக்கைப் பார்க்கலாம். அமிதாப் பச்சன், ஜெயா பச்சன் நடித்த, டைட்டனின் தனிஷ்க் நகை விளம்பரத்தைப் போலவே ஒரு நகைக்கடை ஹோர்டிங் வைத்தது. அந்தத் தம்பதியுடன் டைட்டனுக்கு முறையான ஒப்பந்தம் இருந்ததால், பதிப்புரிமை, ஆளுமை உரிமை (பிரபலத்தின் முகத்தையும் பெயரையும் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் காப்பது) இரண்டின் பேரிலும் தடை வாங்க முடிந்தது.

குழந்தை நடித்தால் தனிக் கவனம் வேண்டும். 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பேரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். ஷூட்டுக்கு முதல் நாள் இரவு இது நினைவுக்கு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கிரிப்டில் 'குழந்தை ஓடி வருகிறது' என்ற வரியைப் படித்த அன்றே தயாரிப்புக் குழுவுக்கு எழுதிவிட வேண்டும். நாய், யானை என்று வந்தாலும் அப்படித்தான், விலங்கு நல வாரியத்தின் அனுமதி ஷூட்டுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். உலக வரைபடம் தெரிகிற காட்சி என்றால் இந்திய எல்லைக்கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு ஒத்துப்போகாததை வெளியிடுவது குற்றம். வெளிநாட்டு ஸ்டாக் தளத்திலிருந்து இறக்கிய வரைபடத்தில் காஷ்மீர் பெரும்பாலும் வேறு மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது வாசகம். 'நம்பர் 1', '99 சதவீதம்', 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' போன்ற ஒவ்வொன்றுக்கும் கிளையன்டிடமிருந்து ஆதாரம் எழுத்தில் வர வேண்டும். எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த மாதம், எத்தனை பேரிடம் என்ற விவரம் இல்லாத பவர்பாயின்ட் ஸ்லைடு ஆதாரமாகாது. 1985-இல் மும்பையில் தொடங்கிய ஏ.எஸ்.சி.ஐ. (இந்திய விளம்பரத் தரக் கவுன்சில்) தன்னார்வ அமைப்புதானே என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். கேபிள் தொலைக்காட்சி விதி 7, அதன் நெறிமுறையை மீறும் விளம்பரத்தை ஒளிபரப்பக் கூடாது என்கிறது. ஆகவே அது வெறும் அறிவுரை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம். பரிந்துரைக்கும் பிரபலத்துக்கு ஓராண்டு வரை தடை, மறுபடி என்றால் மூன்றாண்டு. உரிய விசாரணை செய்தேன் என்று காட்டினால் அவர் தப்பலாம். அதனால்தான் பெரிய நடிகர்களின் மேலாளர்கள் இப்போது ஆதாரக் கோப்பையே கேட்கிறார்கள். அதைத் தயாரித்துக் கொடுப்பதும் நம் வேலைதான்.

டிஸ்க்ளைமரை, அதாவது வாசகத்துக்கு நிபந்தனை சொல்லும் பொடி எழுத்தை, அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஏ.எஸ்.சி.ஐ. வழிகாட்டுதலில் ஹெச்டி படத்துக்குச் சிற்றெழுத்தின் உயரம் குறைந்தது 18 பிக்சல், எஸ்டிக்கு 12. ஒரு வரிக்கு 4 விநாடிக்கு மேல் திரையில் நிற்க வேண்டும், இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் டிஸ்க்ளைமரும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் டப்பிங்கில் தமிழில் உரக்கச் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் மறுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இந்திப் பிரதியை மட்டும் லீகலுக்கு அனுப்பி, மற்ற மொழிகளை நேராக சேனலுக்கு அனுப்புவதால் இது நேர்கிறது. எத்தனை மொழியோ அத்தனை பிரதியும் மேசைக்கு வந்தாக வேண்டும். அந்தந்த மொழி தெரிந்த ஒருவர் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

போட்டியாளரோடு ஒப்பிடும் விளம்பரம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். நம் பொருள் சிறந்தது என்று உயர்த்திச் சொல்லலாம், அடுத்தவர் பொருளை மட்டம் தட்டக் கூடாது. பெயரைச் சொல்லவில்லையே என்பது எப்போதும் காப்பாற்றாது. 2004-இல் டாபர் நிறுவனம் இமாமி மீது தொடுத்த வழக்கில், கோடையில் சியவன்பிராஷ் லேகியம் வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னதையே டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கோல்கேட், ஆங்கர் பற்பசை வழக்கில் சண்டை 'ஒரே', 'முதல்' என்ற இரண்டு சொற்களைப் பற்றியது. ஸ்டோரிபோர்டில் போட்டியாளர் பாட்டிலின் நிறமும் வடிவமும் லேசாகத் தெரிந்தாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், எதிர்த்தரப்பு வழக்கறிஞரும்தான்.

கிளையன்டோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் லண்டனிலோ நியூயார்க்கிலோ முடிவாகி, இந்தியாவுக்கு ஓர் இணைப்பு ஒப்பந்தமாக வரும். அதில் முதலில் பார்க்க வேண்டியது இழப்பீட்டுப் பிரிவு. பொருளைப் பற்றிய உண்மைக்குக் கிளையன்ட் பொறுப்பு, படைப்பின் உரிமைக்கு ஏஜென்சி பொறுப்பு என்பதே நியாயமான பிரிப்பு. கிளையன்டின் கொள்முதல் பிரிவு இரண்டையும் ஏஜென்சி தலையில் வைக்கப் பார்க்கும், இழப்பீட்டுத் தொகைக்கு வரம்பும் வைக்காது. வரம்பு ஓராண்டுக் கட்டணத்துக்குள் இருக்க வாதாடுங்கள். 'படைப்பு முழுக்கச் சொந்தக் கற்பனை' என்ற உறுதிமொழியில் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி ஒரு விலக்கு எழுதாமல் விட்டால் அது நாளைக்குத் தலைவலி.

பணம் வரும் நாளும் சட்டப் பிரச்சினைதான். கிளையன்ட் 90 நாள் கடன் கேட்பார். ஆனால் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமான வெண்டருக்கு (நமக்கு வேலை செய்து தருபவருக்கு) நாம் பணம் கொடுப்பது 45 நாளைத் தாண்டினால், வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் காட்டுவதற்கும் வருமான வரியில் சிக்கல். வெண்டரின் உத்யம் சான்றிதழை (குறு, சிறு நிறுவனப் பதிவுச் சான்று) ஒப்பந்தத்தோடேயே வாங்கி வைத்து, நிதிப் பிரிவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

பதவி ஏறும் வரிசை எளிது: எக்சிகியூட்டிவ், மேனேஜர், சீனியர் கவுன்சல், நாட்டுத் தலைமை, பிறகு ஆசிய-பசிபிக் பொறுப்பு. ஏறுகிறவர்களிடம் பொதுவாக ஒன்றைப் பார்க்கலாம்: 'முடியாது' என்று திருப்பி அனுப்பாமல், அதே ஸ்கிரிப்டில் எந்தச் சொல்லை மாற்றினால் போகும் என்று எழுதிக் கொடுப்பார்கள். க்ரியேட்டிவ் குழு அவர்களிடம்தான் ஸ்டோரிபோர்டு நிலையிலேயே வரும். மற்றவர்களிடம் எடிட் முடிந்த பிறகு, ஒளிபரப்புக்கு முதல் நாள் வரும்.

புதிதாகச் சேர்ந்தால் முதல் மாதத்தில் ஒரு எக்செல் பதிவேடு போடுங்கள். விளம்பரத்தின் பெயர், அதில் உள்ள ஒவ்வொரு முகம், இசை, படம், எழுத்துரு, அவற்றின் உரிமை முடியும் தேதி. ஒளிபரப்பு நின்ற பிறகும் யூடியூப் பக்கத்திலும், டீலர் கடைப் பலகையிலும், நெடுஞ்சாலை ஹோர்டிங்கிலும் நடிகையின் முகம் இருந்துகொண்டே இருக்கும். உரிமை முடிந்து மூன்று மாதம் கழித்து வரும் வக்கீல் நோட்டீஸ் அந்தப் படத்தைத்தான் இணைத்திருக்கும். முடிவுத் தேதிக்கு 90, 60, 30 நாள் முன்னால் கிளையன்டுக்கு மின்னஞ்சல் போக வேண்டும்: புதுப்பிக்கிறீர்களா, இறக்குகிறீர்களா? இறக்குவதென்றால் எந்தெந்த இடத்தில் இறக்கியாயிற்று என்பதற்குத் தேதி போட்ட புகைப்படத்தோடு பதில் வாங்கி, அதையும் அதே ஃபைலில் வையுங்கள்.