முதல் சிசேரியனுக்கு முன்னால்

சிசேரியனைக் குறைக்கப் போகிறோம் என்று மருத்துவமனையில் பேச்சு வந்தபோது, லேபர் ரூம் செவிலியர்களான எங்களுக்கு முதலில் வந்தது பயம்தான். காத்திருந்து ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? ஆபரேஷன் செய்ததற்காக எங்களை யாரும் கேள்வி கேட்டதில்லை. தாமதம் ஆனதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். அதைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் பிரசவ வார்டில் நிற்காது.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரு நாட்டின் மொத்தப் பிரசவங்களில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அதனால் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு விகிதத்தை எட்டப் பாடுபடுவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்கச் செய்யுங்கள் என்பது மற்றொன்று. கூட்டங்களில் முதலாவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தலைமை மருத்துவர் இரண்டையும் படித்துக் காட்டினார். இலக்கு எண் என்று எதையும் சுவரில் ஒட்டவில்லை. எனக்கு அந்த வேலையில் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

முதலில் செய்தது கணக்கெடுப்பு. ராப்சன் வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு வரும் பெண்களைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கிறது: தலைப்பிரசவமா, முன்பே சிசேரியன் ஆனவரா, ஒரு குழந்தையா இரட்டையா, தலை கீழே இருக்கிறதா, மாதம் நிறைந்ததா, வலி தானாக வந்ததா வரவழைத்ததா என்று. அதுவரை எல்லா ஆபரேஷனையும் ஒரே எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரித்ததும் இரண்டு கூட்டம் தனியாகத் தெரிந்தது. ஒன்று, மாதம் நிறைந்து, குழந்தையின் தலை கீழே இருந்து, தலைப்பிரசவத்துக்கு வந்தவர்கள். இன்னொன்று, ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள். யோசித்தால் இரண்டாவது கூட்டமே முதலாவதிலிருந்து வருவதுதான். இன்று தலைப்பிரசவத்தில் ஆபரேஷன் ஆகிறவர், பெரும்பாலும் அடுத்த முறையும் ஆபரேஷனுக்கே வருகிறார்.

அதன் விலை பிறகு தெரியும். நஞ்சுக்கொடி கீழிறங்கி கருப்பை வாயை மூடியிருக்கும் பெண்களில், அது கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து முன்பு சிசேரியனே ஆகாதவருக்குச் சுமார் 3 சதவீதம். ஒருமுறை ஆனவருக்கு 11, இருமுறை ஆனவருக்கு 40. அமெரிக்காவில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வின் எண்கள் இவை. அப்படிப்பட்ட ஒரு ஆபரேஷனில் ரத்தப் பைகளை எடுத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு, முதல் தையலைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, தலைப்பிரசவத்தில் ஆபரேஷனுக்கு என்ன காரணம் எழுதியிருந்தோம்? கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் பட்டது ஒரே வரி: 'முன்னேற்றம் இல்லை.' கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது, எத்தனை மணி நேரமாக, பனிக்குடம் உடைந்திருந்ததா, வலி போதுமான அளவு வந்துகொண்டிருந்ததா, எதுவும் இல்லை.

1950-களில் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பிரசவ வேகத்துக்கு வரைந்த வளைகோட்டை ஒட்டித்தான் நாங்கள் எல்லோரும் பிரசவம் பார்க்கக் கற்றோம். நான்கு சென்டிமீட்டர் திறந்துவிட்டால் அதன் பிறகு மணிக்கு ஒரு சென்டிமீட்டர். அதற்குப் பின்தங்கினால் கவலைப்பட வேண்டும். ஆனால் நல்லபடியாகப் பிரசவித்த பெண்களிலேயே பலருக்கு ஆறு சென்டிமீட்டர் வரை திறப்பு மெதுவாகத்தான் போகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதல் ஆறு சென்டிமீட்டரைப் பிரசவம் வேகம் பிடிக்கும் எல்லையாக வைத்தது. அதற்குப் பிறகும், பனிக்குடம் உடைந்து, நல்ல வலி இருந்து, நான்கு மணி நேரம் துளியும் மாற்றம் இல்லையென்றால்தான் நின்றுவிட்டதாகக் கொள்ளச் சொன்னது. வலி போதாமல், அதைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்து ஓடினால் ஆறு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐந்து சென்டிமீட்டர் என்றது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கை மட்டும் வைத்து எதையும் செய்யாதீர்கள் என்றும் சொன்னது. தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை என்ற நிபந்தனை இதற்கெல்லாம் உண்டு.

படிக்கும்போது சுலபமாக இருக்கும். லேபர் ரூமில் அந்த மணி நேரங்கள் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு பிரசவத்தைச் சொல்கிறேன். தலைப்பிரசவம். மதியம் பார்த்தபோது நான்கு சென்டிமீட்டர், மாலை ஷிஃப்ட் மாறும்போது நான்கரை. அவளுடைய அம்மா கதவருகே வந்து, "சிஸ்டர், புள்ள துடிக்கிறா, ஆபரேஷன் பண்ணிடுங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு. நீங்க உள்ளே வந்து அவ பக்கத்துல இருங்க, முதுகை நீவி விடுங்க" என்றேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் சிறுநீர்ப்பை நிறைந்து மேடாக இருந்தது. வலியில் அவளுக்குப் போகவே தோன்றவில்லை. போய்வரச் செய்தோம். மல்லாந்து படுத்திருந்தவளை எழுப்பி, கட்டிலின் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்க வைத்தோம். கால் மணிக்கு ஒருமுறை, வலி அடங்கும் நேரத்தில், ஒரு நிமிடம் முழுக்க இதயத்துடிப்பைக் கேட்டு எழுதினேன். இரவு டாக்டர் பார்த்தபோது ஆறு. அதற்கப்புறம் வேகம் பிடித்தது. விடியுமுன் குழந்தை பிறந்துவிட்டது.

கூட ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் துணைக்கு இருந்தால் சிசேரியன் குறைகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளின் தொகுப்பு 2017-ல் சொன்னது. வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் துடிப்பை ஓயாமல் பதியும் சி.டி.ஜி. மெஷின் கதை வேறு. அது பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் வலிப்பைக் குறைக்கிறது, ஆனால் மூளைவாதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை, சிசேரியனைக் கூட்டுகிறது. ஆபத்து இல்லாத பெண்ணுக்கு, இடைவிட்டு முறையாகக் கேட்பதே போதும். அதற்கு மெஷின் போதாது, பக்கத்தில் ஒரு செவிலியர் வேண்டும். நான்கு கட்டிலுக்கு ஒருவர் என்று விட்டுவிட்டு இதைக் கேட்பது அநியாயம்.

வலி வரவழைத்தாலே சிசேரியன் கூடும் என்று எங்களில் பலர் தவறாகவே நம்பிக்கொண்டிருந்தோம். 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், ஆபத்தில்லாத தலைப்பிரசவப் பெண்களுக்கு 39-வது வாரத்தில் வலி வரவழைத்தபோது சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2. மருந்து வைத்த அன்றே 'ஃபெயில்' என்று எழுதுவதுதான் கெடுக்கிறது. பனிக்குடம் உடைந்த பிறகு 12 முதல் 18 மணி நேரமாவது ஆக்சிடோசின் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் வழிகாட்டுதல் இருக்கிறது.

அவசரமில்லாத ஆபரேஷனுக்கு இன்னொரு மருத்துவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தபோது சிலருக்கு வருத்தம். தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். நாளடைவில், நள்ளிரவில் தனியாக முடிவெடுக்கும் பாரம் குறைகிறது என்று இளம் டாக்டர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மாதாந்திரக் கூட்டத்தில் சிசேரியன் எண்ணை மட்டும் தனியாகப் படிப்பதில்லை. தீவிர சிகிச்சைக்குப் போன பச்சிளங்குழந்தைகள், அதிக ரத்தப்போக்கு, ஆசனவாய் வரை கிழிந்தவை எல்லாம் அதே தாளில் இருக்கும். எண் குறைந்து இவை ஏறினால் அது சாதனையே இல்லை. தொப்புள் கொடி வெளியே நழுவி வந்த ஒரு பெண்ணுக்கு, குழந்தையின் தலையைக் கையால் மேலே தாங்கிப் பிடித்தபடியே தியேட்டர் வரை போயிருக்கிறேன். அங்கே ஒரு நிமிடம்கூட யாரும் யோசிக்கவில்லை. அந்த வேகம் எங்களிடம் இருப்பதால்தான் மற்ற இடத்தில் காத்திருக்கத் துணிகிறோம்.

இன்னும் கைவராதது, ஒருமுறை சிசேரியன் ஆனவருக்குச் சுகப்பிரசவம். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகத் தையல் போட்டவர்களில் முயன்றால் 60 முதல் 80 சதவீதம் பேருக்குக் கைகூடும், தையல் விடும் ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் விட்டுவிட்டால் நிமிடங்களில் தியேட்டர் வேண்டும். இரவில் மயக்க மருத்துவரை வீட்டிலிருந்து அழைக்க வேண்டிய நிலையில், இந்தப் பெண்களிடம் 'முயன்று பார்க்கலாம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவிலும் ஒருவர் வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது நடக்கும்வரை, பகலில் வலி வருகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு என்பது எனக்கு ஆறவே இல்லை.