கிராபியில் படகு பேசும் முன் கடல் வற்றும் நேரத்தைக் கேளுங்கள்

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை 11 மணி. தாய்லாந்தின் கிராபி கடலில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா ஆறு மாதமாக ஆசைப்பட்ட மணல்வழி என் காலுக்கடியில், தண்ணீருக்குள் கிடந்தது. அம்மா படகைவிட்டு இறங்கவே இல்லை. "விடுப்பா, பார்த்தாச்சுல்ல" என்றார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

துப் தீவு, மோர் தீவு, கோழித் தீவு மூன்றையும் இணைக்கும் மணல்வழி அது. உள்ளூரில் 'தலே வேக்', அதாவது பிளந்த கடல் என்கிறார்கள். கடல் வற்றும்போதுதான் வெளியே தெரியும். இது எனக்கும் தெரியும். எத்தனை மணிக்கு வற்றும் என்று பார்க்காமல் போனதுதான் தப்பு.

விமானம், ஓட்டல், ஆவ் நாங் கடற்கரை வரை வேன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. படகு மட்டும் ஓட்டலுக்குப் பக்கத்திலிருந்த டிராவல் கடையில் பேசினேன். ஐந்து பேருக்குத் தனிப்படகு, நான்கு தீவு, 3,500 பாட். படகோட்டியோடு சேர்த்துத்தான் தருவார்கள், நாமே ஓட்டுவதில்லை. "மணல்வழி தெரியுமா?" என்று இரண்டு முறை கேட்டேன். "தெரியும், தெரியும்" என்றார் அந்தப் பெண். எத்தனை மணி நேரம் என்றதற்கு ஆறு என்று விரலைக் காட்டினார். ரசீதில் எழுதியிருந்தது '4 தீவு, காலை 8.30' மட்டும்தான். அதைச் சரியாகப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்குப் படகோட்டி திரும்ப வேண்டும் என்றார். அவருக்குச் சொல்லியிருந்தது நான்கு மணி நேரம். ரசீதை நீட்டினேன், அதில் மணிக்கணக்கே இல்லை. அவர்மேல் குறை சொல்ல முடியாது. கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "படகுக்காரரிடம் பேசுங்கள்" என்று முடித்துவிட்டார் அந்தப் பெண். தயவுசெய்து பணம் கொடுக்கும் முன்பே எத்தனை மணி நேரம், எந்தெந்தத் தீவு, பூங்காக் கட்டணம் உள்ளே அடக்கமா தனியா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பூங்காக் கட்டணம் எங்களுக்குத் தனி. இந்தத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்குத் தலைக்கு 200 பாட், குழந்தைக்கு 100. போடா தீவில் இறங்கியதும் கட்டினோம் (பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு தனிக்கதை). அந்தச் சீட்டு அன்று முழுவதும் அடுத்த தீவுகளுக்கும் செல்லும். ஆனால் நான் அதை அரைக்கால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டேன். துப் தீவில் காவலர் கேட்டபோது கையில் வந்தது கூழ். மறுபடி 800 பாட். சீட்டு வாங்கிய நொடியே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அசலை ஈரம் புகாத பையில் போடுங்கள்.

அன்று மாலை ஓட்டல் வரவேற்பில் இருந்த பையனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் மேசைக்கண்ணாடிக்கு அடியிலிருந்த ஓத அட்டவணையைக் காட்டினான். எங்கள் படகு போன 11 மணிதான் அன்று கடல் முழுதாக ஏறி நின்ற நேரம்! மறுநாள் வற்றம் மாலை ஐந்தரைக்கு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் சொன்னார், "அமாவாசை, பௌர்ணமிக்குத்தானே கடல் ரொம்ப ஏறி ரொம்ப வத்தும்." தூத்துக்குடிக்காரர். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. கிராபியில் அந்த நாட்களில் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே தேதி குறிக்கும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மணல்வழி நன்றாக எழும்பும். அஷ்டமிப் பக்கம் போனால் அவ்வளவாக வற்றாது.

மறுநாள் கடைப்பக்கமே போகவில்லை. நேராகக் கடற்கரையில் படகுக்காரர்களின் கவுன்டருக்குப் போனேன். கட்டணப் பலகை வெளியிலேயே இருக்கிறது. ஒன்றரைக்குக் கிளம்பி ஐந்து மணி நேரம், போடா வேண்டாம், தலே வேக்குக்கு மூன்றே முக்காலுக்குள் போக வேண்டும் என்று சொல்லி, எல்லாவற்றையும் எழுதியே வாங்கினேன். முந்தைய நாளைவிட 1,000 பாட் குறைவு.

படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்கம் ஒரு எஞ்சினைத் திறந்தபடியே ஏற்றி, அதிலிருந்து நீளமான தண்டு விட்டு, நுனியில் விசிறி வைத்திருக்கிறார்கள். படகோட்டி எஞ்சினோடு சேர்த்து மொத்தத்தையும் திருப்பித்தான் படகைத் திருப்புகிறார். ஆழம் குறைந்தால் தண்டைத் தூக்கிக்கொள்கிறார். சத்தம் காதைப் பிளக்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் பஞ்சு வையுங்கள். முன்நுனியில் வண்ணத்துணியும் பூமாலையும் கட்டியிருக்கும். படகைக் காக்கும் மே யா நாங் என்ற அம்மனுக்கு அது. முதல் நாள் என் மகன் அதன்மேல் கால் வைத்தபோது படகோட்டி பதறிப்போய்க் கத்தினார். நம் வீட்டு வண்டிக்கு மாலை போடுவதுபோல என்று சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஈரத்துண்டையும் அங்கே போடாதீர்கள்.

போய்ச் சேர்ந்தபோது மணல்வழியின் நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. இரண்டு பக்கத்து அலையும் நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டுக் குறுக்காக ஓடின. அரைமணியில் அதுவும் வடிந்து, வெள்ளை மணல் ஒரு தெருவைப்போல நீண்டது. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, மூட்டுவலியோடு, துப் தீவிலிருந்து கோழித் தீவு வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். நான் பின்னாலேயே போனேன், படம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

திரும்பும்போது இன்னொரு பாடு. கடல் வற்றிக் கிடந்ததால் ஆவ் நாங்கில் படகு கரைக்கு வர முடியவில்லை. முழங்கால் தண்ணீரில், வழுக்கும் கல்லும் சேறுமாக வெகுதூரம் நடந்துதான் கரையேற வேண்டியிருந்தது. ரப்பர் செருப்பு கட்டாயம். வயதானவர்கள் இருந்தால் இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். படகோட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அம்மாவைத் தாங்கிப்பிடித்துக் கூட்டிவந்தோம்.

கரையில் ஏறியதும் அம்மா திரும்பிக் கடலைப் பார்த்தார்.

"நாளைக்கும் வத்துமாப்பா?"

"வத்தும்மா. இன்னைக்கைவிட ஒரு அம்பது நிமிஷம் பிந்தி."