20ஆம் தெருவின் மொட்டைமாடிகள்

ஃபிலடெல்ஃபியாவுக்குப் போகிறவர்கள் முதலில் சுதந்திர மணியைப் பார்ப்பார்கள். நான் பிராட் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் ஏறி வடக்கே போனேன். லீஹை அவென்யூவில் இறங்கி மேற்கே ஏழு தெரு நடந்தால் 21ஆம் தெரு முனை. அங்கே இப்போது பெரிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஷைப் பார்க் இங்கேதான் இருந்தது என்று சொல்ல நீல நிறப் பலகை மட்டும் மிச்சம். எஃகும் கான்கிரீட்டும் கொண்டு எழுப்பிய முதல் பேஸ்பால் மைதானம் அது. 1909இல் திறந்தார்கள், 1976இல் இடித்துவிட்டார்கள்.

நான் தேடி வந்தது, அங்கே ஆடிய ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியை நடத்திய கானி மேக்கை. 1862இல் மாசசூசெட்ஸில் ஐரிஷ் குடியேறிகளுக்குப் பிறந்து, ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1886இல் வாஷிங்டன் அணியின் கேட்சர் ஆனார். நம் விக்கெட் கீப்பரைப் போல, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர். மட்டையில் உரசிய பந்தைக் கேட்சர் பிடித்துவிட்டால் அவுட் என்பது அன்றைய விதி. உரசாத பந்துக்கும் உரசியது போல் சத்தம் எழுப்பி நடுவரை ஏமாற்றுவாராம் மேக்!

1894இல் பிட்ஸ்பர்க்கில் ஆடிக்கொண்டே, ஆட்டத்தில் அணியை வழிநடத்தும் மேலாளர் ஆனார். 1901இல் ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸுக்கு வந்தவர் 1950 வரை நகரவில்லை. சீருடை அணியாமல், கோட்டும் டையுமாக உட்கார்ந்தே ஐம்பது ஆண்டுகள் அணியை நடத்தினார். அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டுக் கோப்பைக்கான உலகத் தொடரை ஐந்து முறை வென்றார். மொத்தம் 3,731 வெற்றி, 3,948 தோல்வி. இரண்டிலும் அவரை மிஞ்சியவர் இல்லை. எனக்கு அந்தத் தோல்விக் கணக்கின் மீதுதான் மரியாதை. 1914க்குப் பிறகு சம்பளம் கட்டுப்படியாகாமல் நட்சத்திர ஆட்டக்காரர்களை விட்டுவிட்டார். 1916இல் அணி 117 ஆட்டங்களில் தோற்றது. அப்போதும் எழுந்து போகாமல் இருந்து, 1929இலும் 1930இலும் மீண்டும் கோப்பையை எடுத்தார். பொருளாதார மந்தம் வந்ததும் அந்த அணியின் ஆட்டக்காரர்களையும் விற்க நேர்ந்தது.

தேவாலயத்தைச் சுற்றி 20ஆம் தெருவுக்குப் போனேன். சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த மொட்டைமாடிகளில் பெஞ்சு போட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தைக் காட்டினார்கள் வீட்டுக்காரர்கள். டிக்கெட் வருமானம் போகிறதென்று 1935இல் மைதானச் சுவரைத் தகரத்தால் முப்பது அடிக்கும் அதிகமான உயரத்துக்கு எழுப்பி மறைத்தது அணி நிர்வாகம். மேக் மீது எவ்வளவு அன்பு இருந்தாலும், அந்தத் தகரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாடியில் உட்கார்ந்திருந்தவர்களும் அவருடைய ரசிகர்கள்தானே.

அதே ரயிலில் தெற்கே கடைசி நிறுத்தம் வரை போனேன். நகரின் இன்றைய பேஸ்பால் மைதானத்துக்கு அருகே அவருடைய சிலை நிற்கிறது. உயர்த்திய கையில் ஸ்கோர் அட்டை. தூரத்தில் நிற்கும் ஆட்டக்காரரை அந்த அட்டையை அசைத்தே இடம் மாற்றி நிற்க வைப்பார். அன்று ஆட்டம் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. சிலைக்கு எதிரே சிறிது நேரம் நின்றேன். பிறகு அட்டை காட்டிய பக்கமாக இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டேன்.