இரண்டு ஏரி, ஒரு தட்டு

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஆகஸ்டில் போயிருந்தேன். பத்து வயது மகனை என்னோடு அனுப்பி, "கப்பல்ல கூட்டிட்டுப் போ" என்றாள். கப்பல் என்றதும் கேமராவைத் துடைத்து வைத்துக்கொண்டேன். மஸ்கீகன் துறையில் போய்ப் பார்த்தால் அது மிதக்கும் வகுப்பறை. பெயர் டபிள்யூ. ஜி. ஜாக்சன். கிராண்ட் வேலி மாநிலப் பல்கலைக்கழகம் 1986 முதலே இப்படிப் பிள்ளைகளை ஏரிக்குள் கூட்டிப்போகிறது. இந்தக் கப்பல் வந்தது 1996இல்.

முதல் நிறுத்தம் மஸ்கீகன் ஏரியின் நடுவில். நீளமாக எதையும் விளக்காமல் பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். கயிற்றின் நுனியில் கறுப்பும் வெள்ளையுமாக நாலு கூறு போட்ட தட்டு. செக்கி தட்டு என்று பெயர். 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி கடல்நீரில் சோதித்த முறை, அடிப்படையில் இன்னும் மாறவில்லை. தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் தண்ணீரின் தெளிவுக்குக் கணக்கு. இங்கே இரண்டு மீட்டர் போனதுமே மறைந்துவிட்டது.

அப்புறம் இரும்புத் தாடை மாதிரி ஒரு கருவியை இறக்கி அடிச்சேற்றை அள்ளினார்கள். கன்னங்கரேல் சேறு, அதில் மரச்சிராய்கள்! 19ஆம் நூற்றாண்டில் இந்த ஏரிக்கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மரம் அறுக்கும் ஆலைகள் இருந்தனவாம். 1871 தீ விபத்துக்குப் பிறகு சிகாகோவைத் திரும்பக் கட்ட இங்கிருந்தும் பலகை போனது. பலகை போய்விட்டது, தூள் மட்டும் ஏரியடியில் தங்கிவிட்டது. பையன் முழங்கை வரை சேறு பூசிக்கொண்டான். அக்கா பார்த்திருந்தால் எனக்குத்தான் திட்டு விழுந்திருக்கும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனையும் அளந்தார்கள். மேல்நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம், அடிநீரில் 3கூட இல்லை. கோடையில் மேலே சூடான நீர் மூடிபோல் நிற்பதால் அடியில் காற்று கலப்பதில்லை.

கால்வாயைத் தாண்டி, சிவப்புக் கலங்கரை விளக்கத்தைக் கடந்ததும் மிச்சிகன் ஏரி. அலை தூக்கிப் போட்டதில் என் வயிறு கலங்கியது. ஆனால் தண்ணீர்! தட்டு ஏழு மீட்டர் வரை தெரிந்தது. கிணற்றில் காசு போட்டால் அடியில் தெரியணும், அதுதான் நல்ல தண்ணீர் என்பார் எங்கள் பாட்டி. நானும் மனசுக்குள் முழு மார்க் போட்டுவிட்டேன்.

நுண்ணோக்கி அதைக் கெடுத்தது. முதல் ஏரியின் சொட்டில் ஏதேதோ துள்ளிக்கொண்டிருந்தன. இரண்டாவது சொட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காரணம், காஸ்பியன், கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்கள் நிலைகுலையாமல் இருக்க உள்ளே நிரப்பிக்கொள்ளும் நீரோடு வந்த குவாகா சிப்பி. மிச்சிகன் ஏரியில் 1997இல் முதலில் தென்பட்டது. இப்போது ஏரியடியில் கோடிக்கணக்கில் அப்பிக்கிடந்து தண்ணீரை வடிகட்டுகிறது, மீன்குஞ்சுகளுக்குப் போகவேண்டிய பிளாங்க்டன் என்ற நுண்ணிய மிதவையுயிர்களையும் சேர்த்து. இவ்வளவு தெளிவு பசியின் அடையாளம்.

திரும்பும்போது பையன் கேட்டான், "சித்தி, உங்க ஊர் கண்மாயில தட்டு எவ்வளவு ஆழம் தெரியும்?"

"ஒரு சாண்கூடத் தெரியாதுடா."

"அப்போ பிளாங்க்டன் நிறைய இருக்கும்!"

அது செம்மண் கலங்கல் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து நான் எப்போது பார்த்தேன்?