மேலூர்க் கண்மாயும் ஒரு போஸ்ட்டாக் விண்ணப்பமும்

வரலாற்றில் பிஎச்.டி. முடித்த கையோடு மதுரைப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அப்போது மாதம் 20,000 ரூபாய், வருடத்தில் 11 மாதம்தான் சம்பளம். வாரம் முழுக்க வகுப்பு இருந்ததால், 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு மேலூர் வட்டாரக் கண்மாய்களில் பாசன உரிமை எப்படி மாறியது என்ற என் ஆராய்ச்சி அப்படியே பீரோவுக்குள் போய்விட்டது. அதை வெளியே எடுக்கத்தான் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிறகு செய்யும் ஆராய்ச்சிப் பணி, தேட ஆரம்பித்தேன்.

நம் நாட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு மட்டுமானவை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் அறிவித்த ராதாகிருஷ்ணன் பெயரிலான உதவித்தொகையில் 900 இடம், மாதம் 50,000 ரூபாய், மூன்று ஆண்டு. நல்ல வாய்ப்பு, தகுதி இருப்பவர்கள் விடவே கூடாது. ஆனால் எனக்குப் பாடம் நடத்துவதை விட மனம் வரவில்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன், கொலம்பியா மாதிரி சில இடங்களில் 'சொசைட்டி ஆஃப் ஃபெலோஸ்' என்று ஒன்று இருக்கிறது, சமீபத்தில் பட்டம் வாங்கியவர்களை எடுத்து, கொஞ்சம் பாடம் நடத்து, மிச்ச நேரம் உன் ஆராய்ச்சியைப் பார் என்று விடுவார்கள். அந்த வகையில் மூன்று இடங்களுக்குப் போட்டேன்.

முதல் சிக்கல் தேதி. பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு இடமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நமக்கோ வாய்மொழித் தேர்வு ஒரு நாள், ப்ரொவிஷனல் சான்றிதழில் ஒரு தேதி, பட்டமளிப்பு விழா எப்போதோ. எதைப் போடுவது? நானாக ஒன்றை முடிவு செய்யாமல் மூன்று இடத்துக்கும் மெயில் போட்டுக் கேட்டேன். இரண்டு இடத்திலிருந்து ஒரே வாரத்தில் பதில் வந்தது, ப்ரொவிஷனல் சான்றிதழில் உள்ள தேதியே போதும் என்று. கேட்கத் தயங்காதீர்கள், அவர்கள் தப்பாக நினைப்பதில்லை.

அடுத்தது பரிந்துரைக் கடிதம், மூன்று பேரிடம். என் நெறியாளர் ஐயா, "நீயே எழுதிக் கொண்டாம்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார். இங்கே அதுதான் வழக்கம், அவர் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே கடிதம் நம் கண்ணில் படவே கூடாது, அவருக்கு ஒரு லிங்க் போகும், அவரே ஏற்ற வேண்டும். நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி என்ற நான்கு வரியும் அங்கே எடுபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகமலை புதுக்கோட்டையில் அவர் வீட்டுக்கே போய், என் ஆய்வேட்டில் அவரோடு நான் சண்டை போட்ட மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்தேன். அரை மணி நேரம் பேசாமல் படித்தார். பிறகு எழுதிய கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் வந்தது என்று அம்மாதான் சொன்னார்கள் (ஐயாவின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம்). கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் திருப்பம் தந்தது, அங்கே நான் நடத்த நினைக்கும் பாடத்துக்கு விண்ணப்பத்தோடு எழுதிய பாடத்திட்டம். ஆராய்ச்சித் திட்டத்தை இரண்டு மாதம் செதுக்கிவிட்டு, பாடத்திட்டத்தை ஒரே ராத்திரியில் எழுதியிருந்தேன், இந்தியச் சுற்றுச்சூழல் வரலாறு என்று, எந்த ஊர்க்காரரும் எழுதக்கூடிய ஒன்று. கௌரவ விரிவுரையாளர் வேலையை சி.வி.யில் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியாக வைத்திருந்தேன். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய சீனியர் அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதைப் போய் கடைசியில வச்சிருக்க? அவங்க தேடுறதே இதைத்தானே" என்றார்.

அப்போதுதான் என் இரண்டாம் ஆண்டு வகுப்பு ஞாபகம் வந்தது. உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரையும் மடைகளின் பெயரையும் வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள் என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் போனில் ஒரு படம் எடுத்து வந்தான். மடை ஓரத்தில் துணி துவைக்கும் கல், சோப்பு நுரைக்கு அடியில் ஒரு வரி பழைய கல்வெட்டு எழுத்து. அவன் தாத்தா அந்தக் கண்மாயில் நீர்பாய்ச்சியாக (வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுபவர்) இருந்தவர், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று மனப்பாடமாகச் சொல்வாராம். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வகுப்பையே 14 வாரப் பாடமாக எழுதினேன். முதல் வாரம் அந்தத் துவைகல். பிறகு செப்பேடுகள், குடிமராமத்தைக் (ஊர்க்காரர்களே கண்மாயைப் பராமரிக்கும் வழக்கம்) கட்டாயமாக்க 1858-இல் மதராஸ் மாகாணத்துக்கென வந்த சட்டம், பெரியாறு அணை, இன்றைய ஆக்கிரமிப்பு வழக்குகள். அங்குள்ள மாணவர் தன் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் யாருக்கு உரிமை என்று தேடி எழுத வேண்டும், அதுதான் கடைசிப் பணி.

விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் இரவு 11.59 என்றால் அது அவர்கள் ஊர்க் கணக்கு, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். ஆகஸ்ட், செப்டம்பரில் நமக்கு மறுநாள் காலை 9.29. அதை நம்பி உட்காராதீர்கள், எனக்கு அந்தக் காலையில் கரண்ட் போய் காளவாசல் பிரவுசிங் சென்டருக்கு ஓட வேண்டி வந்தது.

இரண்டு இடத்தில் இல்லை என்று வந்தது. மூன்றாவதில் வீடியோ நேர்காணல், 25 நிமிடம். ஆய்வேட்டைப் பற்றி இரண்டே கேள்வி, மீதி நேரம் முழுக்க அந்தத் துவைகல்தான். இந்த எழுத்து தெரியாத மாணவருக்கு இதை எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டார்கள். என் மாணவர்களில் பாதிப் பேருக்கும் அந்தப் பழைய எழுத்து தெரியாது, முதலில் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பேன் என்றேன். பிப்ரவரியில் மெயில் வந்தது, இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு இரண்டு பாடம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்தப் பையனோடு அந்த மடைக்குப் போய், கல்லைக் கழுவி, தாளை நனைத்து ஒற்றி, எழுத்தைப் படியெடுத்து வந்தோம். ஒரு படி அவன் தாத்தாவிடம் இருக்கிறது, ஒன்று என் பெட்டியில்.